சேதாரம்

செவ்வாய்ப்பேட்டையில் என் அறைக்குக் கீழே வெள்ளிப் பட்டறை.
கொலுசு மெருகேற்றும் மோட்டார் பத்தரைக்கு ஓயும்.
அதன்பிறகுதான் எனக்கு எண்கள் கண்ணுக்குத் தெரியும்.

தினம் ஒரு மாத்திரையா, வாரம் ஒன்றா:
கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து.
கஞ்சமலை நிறைய இரும்பை வைத்துக்கொண்டு
ரத்தத்தில் அது இல்லாத ஊர் என்று
துறையில் எல்லோரும் ஒருமுறை சொல்லிச் சிரித்தாயிற்று.

முழுதாகப் படித்த ஆய்வுகள் அறுபத்து மூன்று.
சேர்த்துக்கொண்டவை இருபத்திரண்டு.
கழித்தவை நாற்பத்தொன்று.
காரணம் என்ற கட்டத்தில்
நாற்பத்தொரு முறையும் 'பொருந்தவில்லை'.
எழுதியது வேறு யாருமில்லை,
போன மாசியில், பல்வலியோடு, நான்.

"மூவாயிரம் சொல்தான் இடம்," என்றார் டாக்டர் சம்பூர்ணம்.
"கழித்ததை யார் கேட்கப் போகிறார்கள்?"

கேட்கிற தாள் ஒன்று இருக்கிறது.
எந்தத் தேதிவரை தேடினீர்கள், என்ன சொல் போட்டுத் தேடினீர்கள்,
யார் பணம் கொடுத்தார்கள், எதை ஏன் விட்டீர்கள்,
அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது.
எல்லாவற்றுக்கும் டிக் அடித்திருந்தோம்.
ஏழாம் பக்கம் என்று குறித்த இடத்தில்
போய்ப் பார்த்தால் நன்றியுரை.

கீழே பட்டறையில்
கை கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்டமாட்டார்கள்.
தொட்டியில் தேங்கவைத்து, வண்டலை உலர்த்தி,
எடை போட்டு, கொடுத்தவனுக்குக் கணக்குச் சொல்வார்கள்.
சொல்லாவிட்டால் அடுத்த கட்டி வராது.

பதினேழாவது: ஏற்காடு, நாகலூர்ப் பக்கம்.
நூற்றுப் பன்னிரண்டு பெண்கள். முடித்தவர்கள் எழுபத்தைந்து.
'மீதிப் பேர் விலகினர்.' அதோடு பத்தி முடிந்தது.
முதல் இரண்டு ஆசிரியர்களுக்குப் போட்ட மின்னஞ்சல் திரும்பி வந்தது.
மூன்றாவது பெயர் லூர்துசெல்வி, கிராம சுகாதார செவிலியர்.
நான்காவது மணியில் எடுத்தார்.

"வெலகுனாங்கன்னா போட்டுருக்காங்க?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"நோட்டு இருக்குது. வந்து பாத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவு,
ஜன்னலோரம், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி.
நோட்டின் முன்பாதி பால் கணக்கு. பின்பாதி பெண்கள்.

"இருபத்தொம்போது பேரு காப்பிப் பழம் பறிக்கப் போனவங்க.
மாத்திரை தர்றது செவ்வாக்கெழமை.
எஸ்டேட்ல கூலிக்கு எடை போடுறதும் அதே செவ்வாக்கெழமை.
அவுங்க எங்க வெலகுனாங்க? நாமதான் நாள் மாத்தல.
ஆறு பேரு, வெளிக்குக் கறுப்பா போகுதுன்னு பயந்துட்டாங்க.
ஒரு புள்ள அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போச்சு."

முப்பத்தாறு.

கடைசிப் பேருக்கு நேரே ஒன்றும் இல்லை.
விரலை அங்கேயே வைத்திருந்தார்.
"கேட்டேனா, கேக்க மறந்தேனா. தெரியல மேடம்."

இறங்கி வந்து சேர்த்தேன். இருபத்து மூன்று.
படத்தின் அடியில் இருந்த வைரம்
பக்கவாட்டில் கொஞ்சம் பருத்து
நடுக்கோட்டை உரசிக்கொண்டு நின்றது.
சம்பூர்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இரண்டு வருட வேலை.
பிறகு தலைப்பிலிருந்த 'உறுதியாக' என்பதை
அவரே அடித்தார், பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு.

பின்னிணைப்பில் ஒரு வரி:
வேலை நாளோடு மோதியது, 29. பக்கவிளைவு அச்சம், 6.
இடம் பெயர்ந்தது, 1. காரணம் தெரியவில்லை, 1.
பேர் போடக்கூடாது, விதி.
அந்தக் கடைசி ஒன்றைத் தட்டும்போது மட்டும்
விசையில் விரல் கொஞ்சம் நின்றது.

'பொருந்தவில்லை' இன்னும் நாற்பது கிடக்கிறது.
யாரோ ஷட்டரைத் தூக்குகிறார்கள்.
தரையைக் கூட்டும் சத்தம், அள்ளும் சத்தம்,
பிறகு மோட்டார்.